"எங்கட சனத்துக்கு எழுத என்ன இருக்கு?"

வளர்ந்தவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தப் போகிறவர்களுக்கான செயலமர்வுகளில் ஒரு கேள்வி தப்பாமல் வரும். அநேகமாக முதல் நாள், பதினொரு மணித் தேநீருக்குச் சற்று முன்னர், கொஞ்சம் சலிப்போடு வரும். "எல்லாம் சரி, ஆனா எங்கட சனத்துக்கு எழுத என்ன இருக்கு? விடியத் தோட்டத்துக்குப் போகுதுகள், பின்னேரம் நாடகம் பாக்குதுகள். கையெழுத்துப் போடப் பழக்கிவிட்டாக் காணும்தானே?" கேட்பவர் அக்கறை இல்லாதவர் அல்ல. முன்பள்ளி ஆசிரியராகவோ, மாதர் சங்கச் செயலாளராகவோ, ஓய்வுபெற்ற அதிபராகவோ இருப்பார். பெரிதாகச் சம்பளம் இல்லாத வேலைக்கு விரும்பி வந்தவர். ஆனாலும் அந்தக் "காணும்தானே" உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைவிட உறுத்துவது அவர் மடியில் இருக்கும் தடித்த மட்டைக் கொப்பியின், அதாவது சீ.ஆர். கொப்பியின், பின்னட்டை. அதில் யாருடையதோ போன் இலக்கம், மகளின் ரியூசன் காசுக் கணக்கு, "மா 2 கிலோ, உழுந்து, நெருப்புப்பெட்டி" என்று ஒரு மூலை முழுக்கக் கிறுக்கல். அதெல்லாம் எழுத்து என்று அவருக்கே தோன்றுவதில்லை.

தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எழுத்தைச் சாமியறைக்குள் வைத்திருக்கிறோம். விஜயதசமியில் ஏடு தொடக்கி, பச்சையரிசியில் 'அ' எழுதித்தான் பிள்ளை ஆரம்பிக்கிறது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த மண், ஆறுமுக நாவலர் பாடநூல் எழுதி அச்சிட்ட மண் என்று மேடைதோறும் சொல்கிறோம். சொல்வதில் பிழையில்லை. ஆனால் எழுத்தை அவ்வளவு உயரத்தில் வைத்தால் நெருப்புப்பெட்டி மட்டையில் குறித்த கணக்கு எழுத்தாகத் தெரியாது. கட்டுரை எழுத்து, கடிதம் எழுத்து, மற்றதெல்லாம் "சும்மா குறிச்சு வைச்சது". இந்த உயரத்தின் இன்னொரு விளைவு வெட்கம். எல்லாரும் படித்த ஊர் என்று பெயரெடுத்த இடத்தில், 1995 இடப்பெயர்வோடு மூன்றாம் வகுப்பில் நின்றுபோன ஒருவர் தனக்கு வாசிக்கத் தெரியாது என்று கந்தோர் வாசலில் சொல்லமாட்டார். "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன், ஒருக்கா நிரப்பி விடுங்கோ" என்பார். கண்ணாடி வாங்கியே இருக்கமாட்டார்.

உலக அளவிலும் இந்தக் குழப்பம் இருந்தது. யுனெஸ்கோ 1958இல் எழுத்தறிவுள்ளவர் யார் என்று வகுத்தபோது, தன் அன்றாட வாழ்க்கை பற்றிய சிறிய, எளிய கூற்று ஒன்றை விளங்கி வாசிக்கவும் எழுதவும் கூடியவர் என்றது. எதற்காக எழுதுவது என்பது அதில் இல்லை. 1978இல்தான், தன் குழுவிலும் சமூகத்திலும் எழுத்து தேவைப்படும் அலுவல்களில் ஈடுபட முடிகிறதா என்ற பக்கத்துக்குப் பேச்சுத் திரும்பியது. நமது வகுப்புகள் பல இன்னும் 1958இல்தான் நிற்கின்றன: "நான் காலையில் எழுந்து பல் துலக்குவேன்" என்று நாற்பது வயதுக்காரரை எழுத வைக்கிறோம். பல் துலக்கியதை யாருக்காக எழுதி வைப்பது?

ஒரு நாள் கொப்பி

ஆகவே கற்பிக்கப் போகிறவர்களின் பயிற்சியில் முதலில் அரிச்சுவடியை மூடி வைக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். தொடங்கவேண்டிய இடம் அவர்களுடைய சொந்த எழுத்து. செயலமர்வுக்கு முந்தின நாள் ஆளுக்கொரு சின்னக் கொப்பி கொடுங்கள். 80 பக்க அப்பியாசக் கொப்பியை நடுவில் வெட்டினால் இரண்டு பேருக்கு ஆகும். ஒரு விடியலிலிருந்து மறு விடியல்வரை வாசித்தது, எழுதியது ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எத்தனை மணி, என்ன, எதில், பக்கத்தில் யார், அதற்குப் பிறகு அந்தத் துண்டு எங்கே போனது. கடைசிக் கேள்விதான் முக்கியம். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

அடுத்த நாள் காலை வரும் பட்டியல்கள் மெலிந்திருக்கும். பேப்பர் வாசித்தேன், வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டேன், மகனுக்கு வீட்டுவேலை காட்டினேன். ஐந்தாறு வரிக்கு மேல் போகாது. அப்போது திட்டாமல், ஒரு நாளை நடந்து காட்டச் சொல்ல வேண்டும். எழும்பின உடனே போனில் என்ன பார்த்தீர்கள்? பால்காரர் வந்தபோது நாட்காட்டியில் கோடு போட்டது யார்? வந்த பஸ்ஸில் எந்த இலக்கம் பார்த்து ஏறினீர்கள்? காசு மெசினில் என்ன அழுத்தினீர்கள்? மின்சார வேலைக்காரரின் இலக்கத்தைப் போனில் என்ன பெயரில் சேமித்திருக்கிறீர்கள்? "கரண்ட் அண்ணை" என்று ஒருவர் சொல்வார், "மீன் அக்கா 2" என்று இன்னொருவர், அறையே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பட்டியல் தானாக நீளும். அரை மணித்தியாலம் தாராளமாக விடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மிச்ச நாள் முழுக்க நீங்கள்தான் பேசவேண்டி வரும்.

துண்டுகளைக் கொட்டுதல்

இரண்டாவது வேலைக்கு முப்பது, நாற்பது துண்டுகள் வேண்டும். பாடப்புத்தகம் ஒன்றும் கலக்கக்கூடாது. கரண்ட் பில், சங்கக்கடைச் சிட்டை, மருந்துக் கவர், கிளினிக் கொப்பியின் ஒரு பக்கம், அர்ச்சனைத் துண்டு, திருவிழா உபயகாரர் பட்டியல், சீட்டுக் கொப்பியின் ஒற்றை, மரண அறிவித்தல், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம், கேற்றில் தொங்கிய "நாய் கவனம்" மட்டை, வட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்து எழுதிய தாள், பால் கணக்குக் கோடு போட்ட நாட்காட்டித் தாள். அடையாள அட்டை இலக்கம், வங்கி இலக்கம், நோய் விபரம் இருந்தால் போட்டோக்கொப்பி எடுத்துக் கறுப்புப் பேனையால் அடித்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். கறுப்பு மைக்கு ஊடாக எழுத்துத் தெரிந்தால் அந்தத் தாளை இன்னொருதரம் போட்டோக்கொப்பி எடுங்கள். பெயர் தெரிந்த ஒரே ஒரு துண்டு போதும், செயலமர்வு ஊர்க்கதையாக மாறிவிடும்.

பாயில் கொட்டிவிட்டு, "பிரியுங்கோ" என்று மட்டும் சொல்ல வேண்டும். தலைப்புக் கொடுக்கக்கூடாது. செயலமர்வை நடத்தும் வளவாளர்கள் செய்யும் மிகப்பெரிய பிழை, பலகையில் ஏற்கெனவே ஐந்து தலைப்பு எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பது. அப்படிச் செய்தால் எல்லாத் துண்டும் "தகவல்" என்ற தலைப்புக்குக் கீழே போய் விழும். தலைப்பு இல்லாவிட்டால் முதலில் உருவத்தை வைத்துப் பிரிப்பார்கள்: பில் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், படிவம் ஒரு பக்கம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, இந்த முறை ஒரு கேள்வியோடு பிரிக்கச் சொல்லுங்கள்: "இந்தத் துண்டு இல்லாமல் போனா ஆருக்கு என்ன நட்டம்?"

இந்த இடத்தில் அறை மெல்ல மாறும். நினைவுக்காக எழுதியவை ஒரு குவியல். சாட்சிக்காக எழுதியவை இன்னொன்று. ஒன்றைக் கேட்பதற்காக எழுதியவை, நாலுபேருக்கு அறிவிப்பதற்காக எழுதியவை, உறவைப் பிடித்து வைப்பதற்காக எழுதியவை என்று பெயர்கள் அவர்கள் வாயிலிருந்தே வரும். கல்வெட்டை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை நடக்கும். அறிவித்தலா, அஞ்சலியா, அல்லது வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைக்கு வம்சத்தைச் சொல்லும் பதிவா? நடக்கட்டும், நல்ல சண்டை.

ஆனால் எல்லாக் குழுக்களும் உண்மையில் முட்டி நிற்பது கடையின் கடன் கொப்பியில். ஊர்க்கடைகளில் இது இரண்டு விதம். சில கடைகளில் முதலாளியின் பெரிய கொப்பி மட்டும். சில கடைகளில் வாங்குகிறவரிடமும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். சாமான் வாங்கும்போது அதைக் கொண்டுபோக வேண்டும், எழுதுவது முதலாளிதான். பயிற்சிக்கு வந்தவர்கள் முதலில் அதைக் "கணக்கு" என்று போட்டுவிடுவார்கள். அப்போது இரண்டே கேள்வி கேளுங்கள். கொப்பி ஆரிட்ட இருக்கு? பேனை ஆரிட்ட இருக்கு? முதலாளிக்கு அது நினைவு. மறந்தால் அவருடைய காசு போகும். வாங்குகிறவருக்கு அது சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியை எழுதியவரும் முதலாளிதான். வாசிக்கத் தெரியாத ஒருவர் கையில் அந்தக் கொப்பி இருக்கிறது. பயன் முழுக்க எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. தாள் ஒன்று, வரி ஒன்று, நோக்கம் இரண்டு. துண்டை எந்தக் குவியலில் வைப்பது என்று தெரியாமல் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நோக்கம் தாளுக்குள் இல்லை, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வளவாளர் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

அதிலிருந்து பாடம் தானாகப் பிறக்கும். "சிட்டை எழுதுவது எப்படி" என்று கற்பிக்க வேண்டியதில்லை. முதலாளி "சீனி 1 - 240" என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில், வாங்கியவர் தன் கையால் ஒரு அடையாளம் போட வேண்டும். முதலில் "சீ" என்ற ஒரு எழுத்து. பிறகு தொகை. இலக்கம் பலருக்கு ஏற்கெனவே தெரியும், காசு தெரிந்தவருக்கு இலக்கம் தெரியும். சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கதைதான். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு எடுக்கும் வழக்கமுள்ள சந்தையில் 42 கிலோ கத்தரிக்காய்க்கு 4.2 போய் 37.8 கிலோவுக்குத்தான் காசு; கிலோ 120 என்றால் 4536 ரூபா. வீட்டிலிருந்து புறப்படமுன் "42" என்று ஒரு மட்டையில் எழுதிச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு போனால், தராசடியில் நிற்கும்போது அந்த ஒற்றை இலக்கம் பேசும். அது ஒரு முழுமையான எழுத்துவேலை. வாக்கியம் இல்லை, எழுவாய் பயனிலை இல்லை.

1970களில் ஈரானில் மஷாத் பக்கத்துக் கிராமங்களில் இதைப் போன்ற ஒன்றை மானிடவியலாளர் பிரையன் ஸ்ட்ரீற் கண்டார். குர்ஆன் பள்ளியில் வாசிக்கப் பழகியவர்கள், அந்தப் பழக்கத்தையே நகரத்துக்குப் பழம் விற்கும் வியாபாரத்தில் கணக்குக்கும் கொப்பிக்கும் திருப்பிக்கொண்டார்கள். வெளியாருடைய பார்வையில் அது எழுத்தறிவாகவே படவில்லை. தேவாரம் வாசிக்க மட்டும் தெரிந்த நம் ஆச்சிமாரை நினைத்துப் பார்த்தால், அந்த ஈரானியக் கிராமம் அவ்வளவு தூரமில்லை.

கா, ம, ரா

நோக்கத்திலிருந்து பாடம் செய்வதற்கு மிகச் சிறிய உதாரணம் மருந்துக் கவர். கவரில் ஆங்கிலச் சுருக்கம் இருக்கும்: பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தரம், ரி.டி.எஸ். என்றால் மூன்று தரம், நொக்ரே என்றால் இரவில். வாசிக்கத் தெரியாதவர்கள் குளிசையின் நிறத்தையும் வடிவத்தையும் நினைவில் வைத்துச் சமாளிக்கிறார்கள். சமாளிப்பு உடைவது கொம்பனி மாறும்போது. போன மாதம் வெள்ளை வட்டமாக வந்த அதே மருந்து இந்த மாதம் வேறு நிறத்தில் வரும். வகுப்புக்கு வெறும் கவரைக் கொண்டுவரச் சொல்லுங்கள், குளிசையை அல்ல. எத்தனை, எப்போது என்பதை மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்டு வரவேண்டும். கற்பிப்பவர் ஒருபோதும் ஊகித்துச் சொல்லக்கூடாது.

காலைக்கு "கா", மத்தியானத்துக்கு "ம". இரவுக்கு "இ" என்று போகத் தோன்றும். போகாதீர்கள். "இ" சுழிகள் நிறைந்த எழுத்து, புதிதாகப் பேனை பிடிக்கும் கைக்குக் கடினம். ராத்திரிக்கு "ரா" என்றால் "கா"வில் பழகிய அதே அரவு (ா) இங்கேயும் உதவும். மாலைக் குளிசை இருந்தால் "மா" என்று எழுதினால் "ம"வோடு குழம்பும், ஒரு அரவு தவறினால் வேளையே மாறிவிடும். நாங்கள் மாலை என்றா சொல்கிறோம்? பின்னேரம். ஆகவே "பி". பென்சிலால் எழுதினால் ஈரக்கையில் அழிந்துபோகும், பேனைதான் வேண்டும். பொலித்தீன் பையில் மை ஒட்டாது, ஒரு துண்டுப் பிளாஸ்ரர் ஒட்டி அதன்மேல் எழுதலாம். இரண்டு வகுப்பில் முடிகிற வேலை. மூன்றாவது வகுப்புக்கு, வீட்டில் எல்லாருடைய கவருக்கும் எழுதியாயிற்றா என்று கேட்க மட்டும் வேண்டியிருக்கும்.

"வாறன்" பிழையா?

இந்த ஊரில் எழுத்துக் கற்பிப்பதில் மிகவும் கெடுதல் செய்யும் சாமான் சிவப்புப் பேனை. ஒரு அம்மா முதல் முதலாக வீட்டுக்கு ஒரு துண்டு எழுதுகிறார்: "தம்பி சோறு சட்டிக்குள்ள. மீன் பொரிச்சுக் கிடக்கு. 3க்கு வாறன்." கற்பிப்பவர் பார்த்துவிட்டு "நான் மூன்று மணிக்கு வருவேன்" என்று திருத்திக் கொடுக்கிறார். குருநகரிலிருந்து பருத்தித்துறைவரை எந்தத் தாயும் மகனோடு அப்படிப் பேசுவதில்லை. திருத்திய தாளைப் பார்த்தவருக்கு விளங்குவது ஒன்றுதான்: எழுத்து வேறு யாருடையதோ பாஷை, தன் வாய் அதற்குள் போகாது. அடுத்த கிழமை அவர் எழுதமாட்டார், பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவார். கற்பிப்பவருக்கு அது முன்னேற்றமாகத் தெரியும்.

தரம் பார்க்கவேண்டாம் என்று சொல்லவில்லை. தரத்தை நோக்கம் தீர்மானிக்கட்டும். வாசிக்கப் போகிறவர் வீட்டுக்காரர் என்றால் வீட்டுப் பேச்சு. பைலுக்குள் போகிற தாள் என்றால் பைலின் பேச்சு. கிராம அலுவலருக்கு எழுதும் கடிதத்தில் "வாறன்" நிற்காது, "தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்" வேண்டும். அதையும் கற்பிக்கத்தான் வேண்டும், ஆனால் வேறொரு வேலையாக. எழுத்துப்பிழைக்கும் இதே அளவுகோல்தான். சாமான் பட்டியலில் "உலுந்து" என்று எழுதினால் கடையில் யாரும் பயறு தரப்போவதில்லை. பெயரில் ஒரு "ள", "ல" மாறினால் கதை வேறு: பிறப்பு அத்தாட்சியில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்றாகி, சத்தியக்கடதாசி முடிக்கும்வரை கந்தோர் கந்தோராக அலைச்சல். ஆகவே சொந்தப் பெயரில் ஒரு புள்ளி தவறவும் விடாதீர்கள். பட்டியலில் பிழை பிடிக்காதீர்கள்.

எழுதித் தருகிறவர்கள்

பிறரைக் கொண்டு எழுதுவிப்பதை வெட்கமாகப் பார்ப்பதும் தேவையில்லாத வேலை. காணி உறுதியை இங்கே எந்தப் பட்டதாரியும் தானாக எழுதுவதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து, காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடுதான். மரண அறிவித்தலை எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டு மாமாவிடம்தான் கொடுக்கிறோம். பெட்டிசம் எழுதுவதற்கென்றே ஊருக்கொரு கை இருக்கிறது. ஆகவே கேள்வி எழுதுவிக்கலாமா என்பதல்ல, எழுதுவிக்கும்போது கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பது. வாசிக்கத் தெரியாதவர் கந்தோருக்குப் போகும்போது சொப்பிங் பை ஒன்றை முழுதாகத் தூக்கிக்கொண்டு போவார். அட்டைகள், கடிதங்கள், பழைய பங்கீட்டுப் பதிவு, எல்லாம் அதற்குள். படிவம் நிரப்புகிறவர் பைக்குள் கையை விட்டுத் தேடுவார். தேவையில்லாததும் அவர் கண்ணில் படும்.

ஒரு துண்டு இதை மாற்றும். நான்கு வரி: பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், "ஜே" என்று தொடங்கும் கிராம அலுவலர் பிரிவு இலக்கம். பழைய அட்டையென்றால் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதென்றால் பன்னிரண்டு இலக்கம். மூன்று மூன்றாகப் பிரித்துப் பார்த்து எழுதப் பழக்கினால் தவறாது. ஐந்தாவது வரி போகும் அலுவலைப் பொறுத்தது, ஒவ்வொரு முறையும் புதிதாக: "கிணறு இறைக்க", "பிள்ளையின்ர பதிவு". துண்டோடு போகிறவர் வாய்ச்சொல்லாகச் சொல்லிக் கொடுப்பார், மற்றவர் எழுதுவார். பை மடியிலேயே இருக்கும்.

அந்தப் பையைப் பற்றி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பையைத் திறந்து காட்டச் சொன்னால் (கேட்டுக்கொண்டுதான், அவர்களாக விரும்பினால்தான்) ஒவ்வொரு தாளும் எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நீலம் கிளினிக், மடிப்புக் கிழிந்தது காணிக் கடிதம், மூலையில் கறை பட்டது போர்க்காலத்தில் பயணத்துக்குப் பாஸ் எடுத்த காலத்துத் துண்டு. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் உடுப்பை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். எழுத்தின் நோக்கத்தை அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போவது கொஞ்சம் கூச்சமான காரியம்தான்.

செயலமர்வின் கடைசி வேலை, பாயில் வராமல்போன ஒரு தாளைத் தேடுவது. அநேகமாக யாரும் கண்டுபிடிப்பதில்லை. அது வகுப்பின் வரவுப் பதிவேடு. கற்பிப்பவர் தானே பெயர்களைக் கூப்பிட்டுத் தானே குறி போடுகிறார். அதை வாசிக்கிறவர் மேலிடத்து அலுவலர் ஒருவர். வகுப்பில் ஒவ்வொரு நாளும் நடக்கும் ஒரே உண்மையான எழுத்துவேலை, அதில் படிப்பவர்களின் கை படுவதில்லை. பதிவேட்டைக் கதவடியில் ஒரு மேசையில் வையுங்கள். முதல் கிழமை சிலர் ஒரு கோடு போடுவார்கள், சிலர் முதலெழுத்து, ஒருவர் பக்கத்து ஆளுடைய பெட்டிக்குள் எழுதிவிடுவார். பெட்டி சின்னதாக இருந்தால் பெரிய எழுத்து அடங்காது. ஆகவே அச்சடித்த பதிவேடு வேண்டாம், சீ.ஆர். கொப்பியில் இரண்டு வரிக்கு ஒரு பெட்டியாக நீங்களே கோடு அடியுங்கள். பேனையை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டாம். ஆளுக்கொரு பேனை கொண்டுவரச் சொல்லுங்கள்.